கோவளம் கழிவெளி ஓரம் சிவப்பாகப் படர்ந்திருக்கும் செடி: எடுத்துவிட்டு மரம் நடலாமா?

ஈசிஆர்வாசி
எங்கள் குடியிருப்பு சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காட்டுக்கும் கோவளத்துக்கும் நடுவில், கடல் தண்ணீர் உள்ளே வந்து போகும் கழிவெளியை ஒட்டி இருக்கிறது. பின்பக்கச் சுவரைத் தாண்டினால் வெட்டவெளி. கொஞ்சம் சேறு, கொஞ்சம் வெள்ளையாக உப்புப் பூத்த தரை, மிச்சமெல்லாம் முழங்கால் உயரம்கூட வராத ஒரு செடி. மார்கழியில் பச்சையாக இருந்தது. இப்போது மாசி முடியப் போகிறது, பாதிக்கு மேல் சிவந்துவிட்டது. படம் இணைத்திருக்கிறேன்.

குடியிருப்போர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேச்சு. "பின்னால் புதர் மண்டிக் கிடக்கிறது, பாம்பு வரும், கொசு வரும்" என்கிறார்கள். ஒரு கம்பெனி சமூகப் பொறுப்பு நிதியில் அலையாத்திக் கன்றுகள் இலவசமாகத் தருகிறதாம். ஜேசிபி வைத்து வழித்துவிட்டு அங்கே கன்று நடலாம் என்பது யோசனை. இடம் எங்களுடையது இல்லை, புறம்போக்கு. வரும் ஞாயிறு கூட்டம். இது என்ன செடி? எடுத்தால் ஏதாவது நஷ்டமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சவுக்குத்தோப்பு
இதில் கேட்க என்ன இருக்கிறது? களைதான். ஆடு மாடுகூட வாயை வைக்காது. சுனாமி வந்தபோது அலையாத்தி இருந்த ஊர்கள் தப்பித்தன என்று எல்லோரும் படித்திருக்கிறோம். சும்மா கிடக்கிற இடத்தில் மரம் வருகிறது என்றால் நல்ல விஷயம்தானே. கன்று இலவசம் வேறு. நடுங்கள்.

பாட்டனி வாத்தியார்
ஈசிஆர்வாசி, நட்டுவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது உமரி. தாவரவியல் பெயர் சுவேடா மாரிட்டிமா. ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு கிளையைக் கிள்ளிப் பாருங்கள். இலை ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், குச்சி மாதிரி தடிப்பாக, ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தட்டையாக இருக்கிறதா? நசுக்கினால் தண்ணீர் வருகிறதா? அப்படியானால் உமரிதான். இலையே இல்லாமல், கணுக் கணுவாகத் தண்டு மட்டும் மேலே போகிறது என்றால் அது சாலிகார்னியா. அதையும் நம் கடற்கரையில் உமரி என்றே சொல்வார்கள். இரண்டும் ஒரே இடத்தில் கலந்தும் நிற்கும். படத்தின் இடது மூலையில் தரையோடு தரையாக ஓடி, ஊதா நிறச் சின்னப் பூ வைத்திருக்கிறதே, அது மூன்றாவது ஆள், செசுவியம். அதன் இலை கொஞ்சம் அகலம்.

மூன்றும் உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வாழ்பவை. நெல்லுக்கு லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் உப்பு இருந்தாலே தள்ளாட்டம் வந்துவிடும். கடல் தண்ணீரில் 35 கிராம். உமரி அந்தத் தண்ணீரையும் தாங்கும். அதுமட்டும் இல்லை, உப்பே இல்லாத நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்த்தால் சவலைப் பிள்ளை மாதிரி நோஞ்சானாக நிற்கும். கொஞ்சம் உப்பு கிடைத்தால்தான் அதற்கு ஊட்டமே.

ஏன் சிவக்கிறது என்றால், பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறமிதான் இதிலும். பீட்ரூட், தண்டுக்கீரை, உமரி எல்லாம் ஒரே குடும்பம். வெயில் ஏறி, தரை காய்ந்து, உப்பு கூடும்போது அந்தச் சிவப்பு மேலே வரும். செடி சாகப் போகிறது என்று அர்த்தம் இல்லை. விதை முற்றும் பருவம்.

ஈசிஆர்வாசி
கிள்ளிப் பார்த்தேன் சார். நீங்கள் சொன்ன மாதிரியேதான், நசுக்கினால் விரல் நனைகிறது. நாக்கில் வைத்தேன், நல்ல கரிப்பு. பின்னால் கொஞ்சம் புளிப்பும் தெரிந்தது.

வேளச்சேரி மருமகள்
அட, உமரிக்கீரை! என் மாமியார் வேதாரண்யம் பக்கம். அங்கே உப்பளத்து வரப்பெல்லாம் இதுதான். மழை முடிந்து தை மாதம் இளங்கொழுந்தாக வரும்போது கிள்ளுவார்கள். இப்படிச் சிவந்த பிறகு நார் ஏறிவிடும், ருசிக்காது.

கொழுந்தை மட்டும் ஆய்ந்து, நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி ஒரு தண்ணீர். அப்புறம் கையால் பிழிந்து எடுத்தால் முக்கால்வாசி உப்பு போய்விடும். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, வெந்த பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிரட்டினால் ஆச்சு. உப்பு மட்டும் போடவே கூடாது. மாமியார் இதில் பொடி இறாலும் சேர்ப்பார். அன்றைக்கு வீட்டில் சோறு பத்தாது.

முதல் தண்ணீரைக் கொட்டாமல் குழம்புக்கு ஊற்றும் வீடும் உண்டு, உப்பு மிச்சம் என்று. எனக்கு அது ஒத்து வரவில்லை.

எண்ணூர்க்காரன்
அக்கா, எழுதினது படித்து வாய் ஊறுகிறது, ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தச் செடி தண்ணீரில் இருக்கும் உப்பை மட்டும் இழுக்காது. சேற்றில் காட்மியம், ஈயம் எது இருந்தாலும் சேர்த்து இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் மாசுபட்ட மண்ணைச் சுத்தம் செய்ய இதையே பயன்படுத்தலாமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. எங்கள் பக்கம் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் எத்தனை வருஷமாகப் படிந்திருக்கிறது! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து ஒட்டியது. அங்கே உமரி இன்னும் முளைக்கத்தான் செய்கிறது. அதற்காகப் பறித்துச் சமைக்க முடியுமா? அடையாறு முகத்துவாரமும் அப்படித்தான், ஊர்ச் சாக்கடை முழுக்க அங்கே. வேதாரண்யத்து உமரி வேறு, சென்னை உமரி வேறு. இங்கே பார்க்கலாம், தின்ன வேண்டாம்.

ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் எந்த ஊர் உமரியாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். எத்தனை தண்ணீர் கொட்டினாலும் சோடியம் முழுக்கப் போகாது.

சவுக்குத்தோப்பு
ஆக, தின்னவும் முடியாது. அப்புறம் எதற்கு அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. உமரி பெரிதா, அலையாத்தி பெரிதா? அலையாத்தி மண் அரிப்பைத் தடுக்கிறது, மீன் குஞ்சுக்கு இடம் தருகிறது, புயல் வேகத்தைக் குறைக்கிறது. 2023 மத்திய பட்ஜெட்டில் அலையாத்தி நடுவதற்கென்றே மிஷ்டி என்று தனித் திட்டம் அறிவித்தார்கள். உமரி நடச் சொல்லி எந்த அரசாவது திட்டம் போட்டிருக்கிறதா?

கோவளம் குப்பம்
அண்ணே, நான் இந்தக் கழியிலேயே வலை போடுகிறவன். உங்கள் கேள்விக்கு என் கணக்கில் பதில் சொல்கிறேன்.

அலையாத்திக்குத் தினமும் தண்ணி ஏறி இறங்கணும். காலையில் ஏற்றம், அப்புறம் வற்றம், மறுபடி ஏற்றம். அது காலை நனைத்துக்கொண்டே இருக்கிற மரம். உமரி நிற்கிற இடம் அதுக்கு மேலே. அமாவாசை, பௌர்ணமிக்குப் பெரிய ஏற்றம் வரும்போதுதான் அங்கே தண்ணி எட்டிப் பார்க்கும். மற்ற நாள் காய்ஞ்சு கிடக்கும். கரையோரம் கொஞ்சம் கண்டல்னு அலையாத்தி மரம் நிற்குதே, அது அதோட இடம். பின்னாடி இருக்கிற உமரி மேடு இதோட இடம். ஒரு சாண் உயர வித்தியாசம்தான், ஆனா அந்த ஒரு சாணில் எல்லாம் இருக்கு.

மேட்டில் கொண்டுபோய் அலையாத்திக் கன்று நட்டா என்ன ஆகும்? சித்திரை வெயிலில் முகத்துவாரத்தை மணல் மூடிடும். ஏற்றமே உள்ளே வராது. தரை உப்புப் பூத்து வெடிக்கும். கன்று கருகும். கம்பெனிக்காரங்க போர்டு மட்டும் நிற்கும்.

பாட்டனி வாத்தியார்
கோவளம் குப்பம் சொன்னதற்கு மேலே நான் சொல்ல வேண்டியது குறைவு. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே பெரிய நாட்களில்கூட ஒரு மீட்டர் சுமார்தான். குஜராத் கரையில் பல மீட்டர் ஏறும், அங்கே அகலமான பட்டை முழுக்க அலையாத்தி வளரும். நமக்கு அந்த வசதி இல்லை. பத்து இருபது சென்டிமீட்டர் உயர்ந்தாலே தினசரித் தண்ணீர் நின்றுவிடும்.

சவுக்குத்தோப்பு, இரண்டும் உப்பைச் சமாளிக்கும் விதமே வேறு. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்துவிடும். உள்ளே நுழைந்ததை இலையில் இருக்கும் சுரப்பி வழியாக வெளியே தள்ளும். காலையில் இலையைத் தடவினால் விரலில் உப்புத் துகள் ஒட்டும். உமரிக்கு அந்தச் சுரப்பி கிடையாது. உள்ளே விட்ட உப்பை இலைச் செல்லின் நடுவே இருக்கும் பைக்குள் பூட்டி வைக்கும். பைக்கு வெளியே கிளைசின் பீட்டைன் என்று ஒரு பொருளைத் தயாரித்து நிரப்பி, தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளும். இலை தடித்து நீர் கோத்திருப்பது அதனால்தான். ஈசிஆர்வாசி நாக்கில் வைத்ததும் கரித்ததே, அது அந்தப் பை உடைந்த ருசி.

இந்தச் சேமிப்புக்கு ஒரு பலன் உண்டு. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், உமரியும் செசுவியமும் வளர்த்து அறுவடை செய்தால் நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேர் உவர் நிலத்திலிருந்து சுமார் 500 கிலோ உப்பை எடுத்துவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு வயலில் உப்பு ஏறிக் கெட்ட ஊர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

பறவைப்பித்து
ஜேசிபி என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். எந்த மாதம் வழிக்கப் போகிறார்கள்? பங்குனி, சித்திரையிலா? நெடுங்கால் உள்ளானும் உப்புக்கொத்தியும் தரையில் முட்டை வைக்கும் காலம் அதுதான். கூடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. உமரிச் செடிகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளம், நாலு சுள்ளி, சேற்று நிறத்தில் புள்ளி போட்ட முட்டை. ரெண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. உயரமான மரம் வந்தால் இந்தப் பறவைகள் அந்தப் பக்கமே வராது. காக்காயும் பருந்தும் மேலே உட்கார்ந்து முட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும். திறந்த வெளிதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. நாம் அதைத்தான் 'சும்மா கிடக்கிற இடம்' என்கிறோம்.

பள்ளிக்கரணைக்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தபோது எல்லோரும் பூநாரைப் படமாகப் போட்டுக் கொண்டாடினோம். பூநாரை நிற்கும் தண்ணீரைச் சுற்றி இருக்கிற செடி எது என்று யாரும் கேட்கவில்லை.

சவுக்குத்தோப்பு
பறவை, முட்டை எல்லாம் சரி. பின்வாசலில் குழந்தைகள் விளையாடும் வீட்டுக்காரருக்குக் கொசுதானே பிரச்சினை? அதற்கு யார் பதில் சொல்வது?

பாட்டனி வாத்தியார்
நியாயமான கேள்வி. உமரிக் காட்டில் கொசுவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். உவர்ப்புத் தண்ணீரில் முட்டையிடும் கொசு வகைகள் உண்டு. ஆனால் அவை செடியில் வளர்வதில்லை, ஓடாமல் தேங்கிய குட்டையில் வளர்கின்றன. ஏற்றத் தண்ணீர் வந்து போகிற இடத்தில் சின்ன மீன்கள் உள்ளே வந்து புழுவைத் தின்றுவிடும். தேங்கினால்தான் தொல்லை. சென்னையில் மலேரியா பரப்பும் கொசுவுக்கு மாடித் தண்ணீர்த் தொட்டியும் கிணறும்தான் பிடித்த இடம். டெங்குக் கொசுவுக்குப் பூந்தொட்டித் தட்டே போதும். க்யூலெக்ஸ் என்ற கொசுவுக்குச் சாக்கடை. சங்கத்தில் முதலில் தொட்டி மூடிகளை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் பிறகு உமரியைப் பற்றிப் பேசலாம்.

ஈசிஆர்வாசி
தேங்குவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சுவரின் தெற்கு மூலையில் ஒரு குழாய்ப் பாலம் இருக்கிறது. போன வருஷம் பக்கத்து மனையில் வீடு கட்டியபோது கட்டடக் கழிவை அதன் வாயில் கொட்டிவிட்டார்கள். அதற்கு இந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது, பச்சையாக, நாற்றத்துடன். அந்த இடத்தில் உமரி இல்லை, சம்புக் கோரைதான் ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது. கழிவு கொட்டிய மேட்டில் சீமைக் கருவேலம் முளைத்துவிட்டது. மற்ற பகுதியில்தான் இந்தச் சிவப்பு.

எண்ணூர்க்காரன்
அப்படிப் போடுங்கள். கேஸ் அங்கேதான் இருக்கிறது. சாக்கடைத் தண்ணீர் நின்றால் மண்ணில் உப்பு குறையும், சம்பு உள்ளே வரும். மண்ணைக் கொட்டி மேடாக்கினால் ஏற்றத் தண்ணீர் எட்டாது, சீமைக் கருவேலம் வரும். இரண்டு பக்கமும் உமரியைத் தள்ளிக்கொண்டே போகும். உமரிக்குக் கடல் தண்ணீரும் வேண்டும், நடுவில் தரை காயவும் வேண்டும். உமரி இருக்கிற இடத்தில் கடல் இன்னும் வந்து போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். உமரி போய் சம்பு வந்தால் எவனோ எங்கேயோ அடைத்திருக்கிறான்.

எண்ணூரில் நாங்கள் வரைபடமே இல்லாமல் இப்படித்தான் பார்ப்போம்.

கோவளம் குப்பம்
உங்க பாம்புப் பயத்துக்கும் இதுதான் மருந்து. பாம்பு இருக்கிறது சம்புக்குள்ளேயும் அந்தக் கட்டடக் கழிவு இடுக்கிலேயும். முழங்கால் உயர உமரியில் எது போனாலும் தெரியும்.

அந்தக் குழாய் எனக்குத் தெரியும். முன்னாடி பெரிய ஏற்றத்துக்கு அது வழியா மடவை மீன் குஞ்சு உள்ளே போகும், வற்றத்தில் திரும்பும். கழிநண்டும் அங்கே கிடைக்கும். இப்ப இல்லை.

வேளச்சேரி மருமகள்
மாமியாரிடம் கேட்டேன். அவர்கள் ஊரில் காய்ந்த உமரியை எரித்தால் உப்பு படபடவென்று வெடிக்குமாம், குழந்தைகள் அதைக் கேட்கவே அடுப்போரம் உட்காருவார்களாம். அந்தச் சாம்பலில் துணி வெளுப்பதும் உண்டாம்.

பாட்டனி வாத்தியார்
ஆமாம் அம்மா, அந்தச் சாம்பலில் சோடா காரம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய சோடாவுக்கு உமரி இனச் செடிகளைப் பயிரிட்டே எரித்தார்கள். 1791-இல் லெப்லாங்க் சாதாரண உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அந்தத் தொழில் படுத்தது. நம் பக்கம் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் சாலிகார்னியாவிலிருந்து சமையல் உப்பே தயாரித்துக் காட்டியிருக்கிறது.

மட்டுறுத்துநர்
சமையல் குறிப்பு கேட்டுத் தனி மடல் அனுப்புகிறவர்கள் 'அடுக்களை' பகுதியில் புதிய இழை தொடங்கவும். இங்கே கழிவெளி மட்டும்.

தாம்பரம் வக்கீல்
சட்டம் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை, 2011-இலும் சரி 2019-இலும் சரி, உவர் சதுப்புகளை அலையாத்தி, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் இடங்களோடு ஒரே வரிசையில், கடுமையாகக் காக்க வேண்டிய முதல் மண்டலத்தில் வைத்திருக்கிறது. உமரித் தரை அதில்தான் வரும். உமரியை அழித்து அலையாத்தி நடுவது என்றால், சட்டம் காக்கச் சொன்ன ஒன்றை அழித்து இன்னொன்றை வைப்பது. நல்ல எண்ணம் என்பது அங்கே வாதம் ஆகாது. போதாததற்கு இடம் புறம்போக்கு. ஜேசிபி இறங்கினால் புகார் கம்பெனி மேல் போகாது, சங்கச் செயலாளர் மேல்தான் போகும். கட்டடக் கழிவு கொட்டியதைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். மாவட்ட அளவிலான கடலோரக் குழுவுக்கு அவர்தான் தலைவர். படம், தேதி, குழாய்ப் பாலம் இருக்கும் இடத்தின் அடையாளம் மூன்றும் மனுவில் இருக்கட்டும்.

சவுக்குத்தோப்பு
சரி சரி, சட்டம் வந்துவிட்டது, நான் ஒதுங்குகிறேன். ஆனாலும் ஊரில் மரமே குறைவு என்ற என் பேச்சு நிற்கிறது. மரம் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லையே?

பறவைப்பித்து
சண்டையே இல்லை. உங்கள் காம்பவுண்டுக்குள் நடுங்கள். உப்புக் காற்று தாங்கும் புன்னை, பூவரசு இரண்டும் அந்தப் பக்கம் நன்றாக வரும்.

ஈசிஆர்வாசி
கூட்டம் முடிந்தது. ஒன்றரை மணி நேரம் கத்தல். வக்கீல் சார் எழுதியதைப் படித்துக் காட்டியதும் செயலாளர் முகம் மாறிவிட்டது. ஜேசிபி கைவிடப்பட்டது. கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். கழிவெளி ஓரத்தில் போர்டு வைத்துப் படம் எடுக்க முடியாவிட்டால் கன்று கிடையாதாம். புன்னைக் கன்று நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு தயார். கழிவு அள்ளச் சங்க நிதியிலிருந்து பணம் தருவதில் மட்டும் இன்னும் இழுபறி. 'கொட்டியவன் அள்ளட்டும்' என்று பாதிப் பேர். அதுவும் நியாயம்தான், ஆனால் அவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். மொட்டை மாடித் தொட்டியில் இரண்டுக்கு மூடியே இல்லை என்பதும் கூட்டத்தில்தான் தெரிந்தது.

ஒரு சந்தேகம். சம்பு இருக்கும் இடத்தில் உமரி மறுபடி வருமா? விதை வாங்கித் தூவ வேண்டுமா?

பாட்டனி வாத்தியார்
வாங்க வேண்டாம். பக்கத்திலேயே செடி காய்த்து நிற்கிறது, தண்ணீரே விதையைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வளர்ந்த உமரிக்குத்தான் கடல் உப்பு ஒரு பொருட்டில்லை. விதை முளைக்கும்போது அதற்கும் நல்ல தண்ணீர் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணின் உப்பைக் கழுவிவிடும் அந்தச் சில வாரங்களில்தான் முளைக்கும். தவறினால் அடுத்த வருஷம்தான். ஆகவே வேலையை மழைக்கு முன் முடியுங்கள். சம்பைக் கையால் அறுத்தால் போதும். உப்புத் தண்ணீர் மறுபடி வர ஆரம்பித்தால் மிச்சம் தானாகச் சாகும்.

கோவளம் குப்பம்
குழாயில் மேலே தெரியிற கல்லை மட்டும் எடுத்துட்டு விட்டுடாதீங்க. அடியில் சிமெண்ட் கலவை இறுகிக் கிடக்கு, கடப்பாரை போட்டாத்தான் வரும். அமாவாசைக்கு ஏழெட்டு நாள் கழிச்சு, ஏற்றம் கம்மியா இருக்கிறப்ப ஆள் வைங்க. நானும் ரெண்டு பசங்களோட வரேன், கூலி வேணாம். குழாயோட அடிமட்டம் பழைய அளவுக்கு இறங்கியிருக்கான்னு நான் பார்த்துத்தான் சொல்லணும்.